குளிர் அறைக் கேள்விகள்: குப்பிக்குள் ஒற்றை ரைபோசோம் புரதம்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: செல்லுக்கு ஆற்றல் தரும் மனித மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் புரதங்களைப் பாக்டீரியாவுக்குள் செய்யவைத்து, சிறு குப்பிகளில் அடைத்து ஆய்வகங்களுக்கு விற்கிறார்கள் என்று. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் புரதம் பிரித்தெடுத்தே காலம் தள்ளியவள் நான். அதில் பாதிக் காலம் இந்த ரைபோசோம் புரதங்களோடுதான் மல்லுக்கட்டினேன். பேசவிட்டால் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்தும் ஆசிரியர் இந்தத் தடவை விட்டுவிட்டார்.

கேள்வி: செல்லில் ஏற்கெனவே ரைபோசோம்கள் இருக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதற்குத் தனி ரைபோசோம்? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். (உயிரியல் ஆசிரியர் ஒருவர்)

பதில்: தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள் பாருங்கள், அதுவே பாதிப் பாடம்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அதற்கென்று ஒரு குட்டி டி.என்.ஏ. இருக்கிறது. மனிதரில் அதன் நீளம் 16,569 எழுத்து. 1981-லேயே முழுவதையும் படித்துவிட்டார்கள். மொத்தம் 37 மரபணு, அதில் புரதத்துக்கானவை வெறும் 13. அந்தப் பதின்மூன்றும் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் இயந்திரங்களின் பாகங்கள். அவற்றுக்கான செய்தி உள்ளேயே நகலெடுக்கப்படுகிறது, உள்ளேயே வாசிக்கப்படுகிறது. வாசிக்கிற இயந்திரம்தான் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம்.

வேடிக்கை இனிமேல்தான். அந்த ரைபோசோமைக் கட்ட ஏறக்குறைய 80 புரதம் வேண்டும். அதில் ஒன்றுகூட உள்ளே தயாராவதில்லை. அத்தனைக்கும் மரபணு செல்லின் உட்கருவில் இருக்கிறது. வெளியே இருக்கும் பொது ரைபோசோம்கள் அவற்றைச் செய்கின்றன. பெரும்பாலான புரதங்களின் தலைப்பக்கம் முகவரிச் சீட்டு மாதிரி ஒரு சிறு துண்டு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து மைட்டோகாண்ட்ரியாவின் வாசல் திறக்கிறது, உள்ளே போனதும் சீட்டைக் கத்தரித்துவிடுகிறார்கள். 13 புரதம் செய்வதற்காக 80 புரதத்தை வெளியிலிருந்து தருவிப்பது! எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் உயிர் இப்படித்தான் நடக்கிறது.

வகுப்பில் எண்களும் கேட்பார்கள். பாக்டீரியா ரைபோசோம் 70 எஸ், நம் செல்லின் பொது ரைபோசோம் 80 எஸ், இது 55 எஸ். இதன் பெரிய பகுதி 39, சிறிய பகுதி 28. கூட்டினால் 67 வருகிறதே என்று யாராவது கை தூக்குவார்கள், தூக்க வேண்டும். எஸ் என்பது எடை கிடையாது. மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு விரைவாக அடியில் இறங்குகிறது என்பதன் அலகு, ஸ்வெட்பெர்க் என்ற அறிஞரின் பெயரால் வந்தது. உருவம் மாறினால் வேகமும் மாறும், அதனால் கூட்டல் கணக்கு செல்லாது. 55 என்றதும் இளைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். எடையில் இது பாக்டீரியா ரைபோசோமுக்குச் சளைத்ததல்ல. பாக்டீரியாவில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ., மீதி புரதம். இதில் ஏறக்குறைய தலைகீழ்.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவின் மரபுக் குறியீடு வேறு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா புரதத்தைப் பாக்டீரியா எப்படிச் சரியாகச் செய்யும்? தப்புத் தப்பாக அல்லவா வாசிக்கும்? (இளநிலை மாணவர்)

பதில்: நல்ல மடக்கு. இதைக் கேட்டு என்னிடம் நேர்முகத்தேர்வில் வேலை வாங்கியவர் ஒருவர் உண்டு.

நீங்கள் படித்தது சரி. யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து பெரும்பாலான இடங்களில் ‘நிறுத்து’ என்று பொருள் தரும், நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ‘டிரிப்டோஃபான் போடு’ என்று பொருள். ஆனால் மேலே ஆசிரியருக்குச் சொன்னதை இங்கே கொண்டுவாருங்கள்: ரைபோசோம் புரதங்களின் மரபணுக்கள் உட்கருவில் இருப்பவை. அவை எழுதப்பட்டிருப்பது எல்லோருக்கும் பொதுவான குறியீட்டில். எனவே ஆய்வகங்களில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியா அதைத் தடங்கலில்லாமல் வாசிக்கும்.

தடங்கலில்லாமல் என்று சொன்னதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. மனித மரபணுக்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்கு ஏ.ஜி.ஏ., ஏ.ஜி.ஜி. என்ற எழுத்துகள் சர்வசாதாரணம். ஈ.கோலையில் அவை அபூர்வம், அவற்றுக்கான அமினோ அமிலத்தைத் தூக்கிவரும் கடத்தி ஆர்.என்.ஏ.வும் கைவசம் குறைவு. ரைபோசோம் புரதங்களிலோ ஆர்ஜினின் கொட்டிக் கிடக்கும். பாக்டீரியா பாதியில் திணறி, அரைகுறைப் புரதங்களை உதிர்த்துவிடும். அதற்கென்று அந்தக் கடத்திகளைக் கூடுதலாகக் கொடுத்து வளர்த்த ஈ.கோலை வகைகள் இருக்கின்றன. இல்லாவிட்டால், பொருள் மாறாமல் பாக்டீரியாவுக்குப் பிடித்த எழுத்துகளில் மரபணுவையே புதிதாக எழுதி வாங்கிவிடலாம். இப்போது பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். நான் தொடங்கிய காலத்தில் அதற்கு வசதி கிடையாது, திணறலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கேள்வி: ‘ரீகாம்பினன்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன? மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி என்கிறார்களே, அதையே எழுதலாமே? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: மறுசேர்க்கைப் புரதம் என்கிறார்கள். ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னொன்றின் டி.என்.ஏ.வோடு சேர்த்துச் செய்வது என்பதால் பொருத்தம்தான். இழைமணி அழகான சொல், எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் குளிர் அறைக் கதவைத் தட்டி “இழைமணிப் புரதம் எடுத்துவிட்டீர்களா?” என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. “மைட்டோ எடுத்தாச்சா?” என்றுதான் கேட்டார்கள்.

கேள்வி: அம்மா, எங்கள் ஆய்வகத்துக்கு மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பகுதியைச் சேர்ந்த ஒரு புரதம் வாங்கினோம். கூட வந்த தாளில் எடை 19.6 கிலோடால்டன், தூய்மை 90 சதவீதத்துக்கு மேல், 0.4 மோலார் யூரியா கலந்த கரைசல் என்றெல்லாம் இருக்கிறது. எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் பட்டை 24-க்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? புரதம் வேலை செய்யுமா? (முனைவர் பட்ட மாணவி)

பதில்: ஏமாற்றவில்லை தாயி. அவசரப்பட்டுக் காரசாரமாகக் கடிதம் எழுதிவிடாதே. நான் ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன்.

முதலில் எடைக் கணக்கு. தாளில் அமினோ அமிலங்களின் வரிசை கொடுத்திருப்பார்கள், அதை எடுத்து வைத்துக்கொள். தரவுத்தளத்தில் இருக்கும் முழு வரிசையோடு வரிக்கு வரி ஒப்பிடு. தலைப்பக்கம் சில பத்து எழுத்து குறைந்திருக்கும். அது முகவரிச் சீட்டு. செல்லுக்குள் எப்படியும் கத்தரிக்கப்படுவதுதானே என்று அதை விட்டுவிட்டே மரபணுவைச் செருகியிருப்பார்கள். அதற்குப் பதிலாக வேறொன்று ஒட்டியிருக்கும்: ஆறு ஹிஸ்டிடின் வரிசையாக. அதுதான் பிரித்தெடுக்கும்போது நிக்கல் பூசிய மணிகளைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. கொக்கியோடு சேர்ந்து வரும் இணைப்பு எழுத்துகளையும் எண்ணினால் சுமார் இருபது, அதாவது 2 கிலோடால்டன் சொச்சம். சில தாள்களில் இதைச் சேர்த்து எடை போட்டிருப்பார்கள், சிலவற்றில் சேர்க்காமல். உன் தாளில் எது என்று நீயே கூட்டிப் பார்.

மீதி இடைவெளிக்குக் காரணம் புரதத்தின் குணம். ஜெல்லில் ஓட்டுமுன் எஸ்.டி.எஸ். என்ற சோப்பைக் கொதிக்கவைத்துப் பூசுகிறோமே, அது எல்லாப் புரதத்துக்கும் எடைக்கு ஏற்ற எதிர்மின்சுமையை ஏற்றும் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏணி அளவுகோல் நிற்கிறது. ரைபோசோம் புரதங்களில் லைசினும் ஆர்ஜினினும் மண்டிக் கிடப்பதால் நேர்மின்சுமை அதிகம். அது சோப்பின் சுமையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், புரதம் மெதுவாக நகரும், பட்டை உயரத்தில் நிற்கும். ஹிஸ்டோன் எச்1-ஐப் பார், 21 கிலோடால்டன் எடை உள்ளது ஜெல்லில் 30-ஐத் தாண்டி நிற்கும். 19.6 போய் 24-இல் நின்றால் நான் தூக்கம் கெட மாட்டேன். 40-க்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு மூலக்கூறு ஜோடி சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன், ஒடுக்கும் மருந்தைப் புதிதாகக் கலந்து இன்னொரு தடவை ஓட்டுவேன். சந்தேகம் தீரவே இல்லையென்றால் நிறைமாலைமானியில் கொடு. எடை விஷயத்தில் கடைசி வார்த்தை அதனுடையது.

இப்போது அந்த 0.4 மோலார் யூரியா. எனக்கு அந்தத் தாளிலேயே சுவையான வரி அதுதான். பாக்டீரியாவுக்குள் அளவுக்கு மீறிச் செய்யவைத்தால் இந்த மாதிரிப் புரதங்கள் மடியத் தெரியாமல் ஒன்றோடொன்று சிக்கி, வெள்ளைக் கட்டிகளாக உள்ளே தங்கிவிடும். அந்தக் கட்டியை 8 மோலார் யூரியாவில் கரைத்து, புரதத்தைப் பிரித்து எடுத்து, பிறகு யூரியாவைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவருவார்கள். முழுவதும் எடுத்தால் மறுபடி திரிந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். உன் குப்பியில் மிச்சமிருக்கும் 0.4 அப்படித் தங்கியதாகத்தான் இருக்கும். ஆகவே ‘தூய்மை 90’ என்றால் ஜெல்லில் தெரியும் சாயத்தில் 90 பங்கு அந்தப் பட்டையில் இருக்கிறது என்று மட்டுமே பொருள். சரியாக மடிந்திருக்கிறது என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை, வேலை செய்யும் என்றும் சொல்லவில்லை.

வேலை செய்யுமா என்று கேட்டாயே, நான் திருப்பிக் கேட்கிறேன்: என்ன வேலை? இது நொதி இல்லை. தனியாக எடுத்து வைத்துக்கொண்டு எதையும் வெட்டவோ ஒட்டவோ சொல்ல முடியாது. 80 பேர் சேர்ந்து தாங்கும் கூரையில் ஒரு தூண். (விதிவிலக்கு உண்டு. எம்.ஆர்.பி.எல்.58 ரைபோசோமில் சிக்கி நின்ற சங்கிலியை அறுத்து விடுவிக்கத் தெரிந்த புரதம். எம்.ஆர்.பி.எல்.12 மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்.என்.ஏ. செய்யும் நொதியோடும் சகவாசம் வைத்திருக்கிறது.) எதிர்ப்பொருள் சரியான புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்று சோதிக்க, அளவுகோலாக வைக்க, முயலுக்குக் கொடுத்துப் புதிய எதிர்ப்பொருள் உண்டாக்க உன் குப்பி தாராளமாகப் போதும். இன்னொரு புரதத்தோடு பிணைகிறதா என்று பார்க்கப் போகிறாய் என்றால், வட்ட இருநிறமாலை எடுத்து அது மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பி. திரிந்த புரதம் எதிலும் ஒட்டும். பிணைப்பு மாதிரியே தெரியும்.

அப்புறம் ஒன்று. யூரியா உள்ள கரைசலைச் சூட்டில் நெடுநேரம் வைக்காதே. யூரியா மெல்லச் சிதைந்து சயனேட் ஆகும், அது லைசின்களில் போய் ஒட்டிக்கொள்ளும். உன் புரதத்தில் லைசினுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: அதே வகைப் புரதத்தை நானே ஈ.கோலையில் செய்து, நிக்கல் மணிகள் நிரப்பிய தூணில் பிரித்தேன். ஜெல்லில் ஒற்றைப் பட்டை, கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் (260/280) 1.6 காட்டுகிறது. கருவியில் கோளாறா? (ஆராய்ச்சி உதவியாளர்)

பதில்: கருவி உண்மையைச் சொல்கிறது. ஜெல்தான் உங்களுக்கு ஒன்றை மறைக்கிறது.

இருபது வருடத்துக்கு மேலே ஆகிறது. நானும் இப்படித்தான் ஒற்றைப் பட்டையோடு என் மேலாளரிடம் போனேன். அதற்கு முந்தைய இரவு முழுக்க 4 டிகிரி அறையில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தூணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதை எண்ணிக்கொண்டிருந்தவள். வரைபடத் தாளில் பேனா ஒரு மலையே வரைந்தது. அவர் ஜெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “விகிதம் என்ன?” என்றார். 1.7 என்றேன். “சரி, நீ ராத்திரி முழுக்க விழித்திருந்து பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வைச் சேகரித்திருக்கிறாய். புரதம் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.”

சுத்தமான புரதம் 0.6-க்குப் பக்கத்தில் இருக்கும். சுத்தமான ஆர்.என்.ஏ. 2. நியூக்ளிக் அமிலம் ஒளியை உறிஞ்சுவதில் பேராசைக்காரன் என்பதால் எடைக்கணக்கில் கொஞ்சம் கலந்தாலே விகிதம் ஏறிவிடும். ஜெல்லில் நாம் பயன்படுத்தும் கூமாசி நீலம் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதில்லை, அதனால் உங்கள் கண்ணுக்கு ஒற்றைப் பட்டை. இந்தப் புரதங்கள் பிறவியிலேயே ஆர்.என்.ஏ.வைக் கட்டிப்பிடிக்கச் செய்யப்பட்டவை. சொந்த ஆர்.என்.ஏ. கிடைக்காவிட்டால் ஈ.கோலையுடையதைப் பிடித்துக்கொள்ளும். கோபித்துக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செல்லை உடைத்ததும் கரைசல் பைப்பெட் முனையிலிருந்து நூலாக இழுக்கிறதா பாருங்கள். இழுத்தால் டி.என்.ஏ. இன்னும் துண்டாகவில்லை. டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும் நியூக்ளியேஸ் நொதியை இந்தக் கட்டத்திலேயே, உப்பு குறைவாக இருக்கும்போதே, மக்னீசியத்தோடு போட்டுவிடுங்கள். பலர் முதலில் உப்பைக் கொட்டிவிட்டு அப்புறம் நொதியைப் போடுகிறார்கள், அதிக உப்பில் அந்த நொதி சோம்பிப்போகும். நூல் இழுப்பது நின்றதும் உப்பை 1 மோலார் வரை ஏற்றுங்கள். தூணில் புரதம் பிடித்த பிறகும் அதே 1 மோலார் உப்பில் நிதானமாகக் கழுவுங்கள், தூணின் கொள்ளளவைப் போல இருபது மடங்கு போனாலும் பரவாயில்லை. அதற்கும் மசியாவிட்டால் ஹெப்பாரின் தூண் ஒன்று வையுங்கள்.

இதைச் செய்து விகிதம் 0.7-க்கு இறங்கியதும் நான் கைதட்டினேன். காலையில் வந்து பார்த்தால் குழாயில் வெள்ளை மேகம். அத்தனை நாள் அதைக் கரைசலில் தாங்கிப் பிடித்திருந்ததே அந்தத் திருட்டு ஆர்.என்.ஏ.தான்! ஆகவே ஆர்.என்.ஏ.வை எடுத்தபின் உப்பை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். 300 முதல் 500 மில்லிமோலாரில் வைத்திருங்கள், கிளிசரால் 10 சதவீதம் சேருங்கள், செறிவைப் பேராசைப்பட்டு ஏற்றாதீர்கள்.

நிக்கல் தூண் பற்றி ஒரு கொசுறு. புரதம் சிதையாமலிருக்க ஒரு மாத்திரை போடுவோமே, அதில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறதா இல்லையா என்று டப்பாவைப் படித்துவிட்டுப் போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன். நீலமாக இருந்த தூண் மேலிருந்து கீழே ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று வெளுத்துக்கொண்டே வந்தது. நிக்கலை ஈ.டி.டி.ஏ. கவ்வி எடுத்துக்கொண்டு போகிறது, கூடவே என் புரதமும். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே போன அத்தனையையும் ஒரு குடுவையில் பிடித்து வைத்திருந்ததால் பிழைத்தேன். அன்றிலிருந்து கடைசிவரை எதையும் கீழே கொட்டுவதில்லை.

கேள்வி: புரத அளவை பிராட்ஃபோர்டு முறையில் பார்த்தால் ஒரு எண், 280-இல் பார்த்தால் வேறு எண். எதை எழுதுவது? (அதே ஆராய்ச்சி உதவியாளர்)

பதில்: ஆர்.என்.ஏ. போகும்வரை 280-ஐ நம்பாதீர்கள். போன பிறகும், உங்கள் புரதத்தில் டிரிப்டோஃபான் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் 280 மிகக் குறைவாகத்தான் காட்டும். பிராட்ஃபோர்டு சாயத்துக்கு ஆர்ஜினின் என்றால் உயிர், ரைபோசோம் புரதத்தைக் கண்டதும் கூடுதலாக நீலம் பூசிக்கொள்ளும். நான் இரண்டையும் எழுதி, எந்த முறை என்று பக்கத்தில் குறித்துவிடுவேன்.

கேள்வி: என் மகனுக்கு மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் புரதம் ஒன்றின் மரபணுவில் பழுது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் புரதமே குப்பியில் கிடைக்கிறது என்று உங்கள் வரியைப் படித்ததும் நெஞ்சு படபடத்தது. அதை அவனுக்குக் கொடுக்க முடியுமா? (ஒரு தாய்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. கொடுக்க முடியாது. கொடுக்கவும் கூடாது. என் வரி உங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கையைத் தந்துவிட்டதற்கு வருந்துகிறேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊசியில் ஏற்றினாலும் அந்தப் புரதம் செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. தப்பித் தவறிப் போனாலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முகவரிச் சீட்டு வேண்டும், குப்பியில் இருப்பதில் பெரும்பாலும் அதை முன்பே வெட்டியிருப்பார்கள். இது போகட்டும். ஈ.கோலையில் செய்த பொருளில் அந்தப் பாக்டீரியாவின் மேல்தோல் நச்சு கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். ஆய்வகக் குப்பிகளில் அதை மருந்துக்கு உரிய அளவில் நீக்குவதில்லை. இரத்தத்தில் கலந்தால் கடுங்காய்ச்சல் வரும், இரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். குப்பியின் மேல் ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. இன்சுலினும் பாக்டீரியாவில் செய்ததுதானே என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். 1982-இல் மருந்தாக அனுமதி பெற்ற அந்த இன்சுலினைத் தூய்மை செய்து சோதித்த விதமே வேறு. தவிர இன்சுலின் செல்லுக்கு வெளியே நின்று கதவைத் தட்டினால் போதும், உள்ளே போக வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தக் குப்பியால் உங்கள் மகன் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு, சுற்றுவழியில். ரைபோசோம் புரதத்தின் பழுதால் இப்படி நோய் வரும் என்று முதன்முதலில் தெரிந்தது 2004-இல், எம்.ஆர்.பி.எஸ்.16 என்ற புரதத்தில். அதற்குப் பிறகு எம்.ஆர்.பி.எல்.3, எம்.ஆர்.பி.எல்.44 என்று பட்டியல் நீண்டது. ஒரு குழந்தையின் மரபணுவில் மாற்றம் தெரிந்தால் மட்டும் போதாது, அதனால் செல்லில் அந்தப் புரதம் உண்மையாகவே குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்லில் எதிர்ப்பொருளை வைத்துப் பார்ப்பார்கள். அந்த எதிர்ப்பொருள் சரியானதைத்தான் காட்டுகிறதா என்று உறுதிசெய்ய இந்தக் குப்பிகள் உதவுகின்றன.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று: மகனை எந்த மருத்துவரிடம் எதற்காகக் கொண்டுபோனாலும் மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாக்டீரியாவின் ரைபோசோமைக் குறிவைக்கும் சில கிருமிக்கொல்லிகள் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் தொடும். லைன்சோலிட் மருந்தை நீண்ட நாள் எடுத்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவதற்கு அதுதான் காரணம். எது கொடுக்கலாம், எது கூடாது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பொருளை வைத்துப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் நேர்மறைச் சான்றாக இந்தப் புரதத்தை 1 மைக்ரோகிராம் வைத்தேன். பட்டை வரவேண்டிய இடத்தில் நடுவில் வெள்ளையாக ஓட்டை! (முதுகலை மாணவர்)

பதில்: அதிகம், தம்பி. ஒளி உமிழும் வினைப்பொருள் அத்தனையையும் அந்த இடமே ஒரு நொடியில் தின்று தீர்த்துவிட்டது, அதனால் நடு எரிந்து ஓட்டை. 5, 10 நானோகிராம் வைத்துப் பாருங்கள். செல்லின் சொந்தப் புரதத்துக்கும் குப்பியின் புரதத்துக்கும் பட்டை ஒரே உயரத்தில் வராது, கொக்கியின் எடை இருக்கிறது. பக்கத்துக் குழியில் வைக்காதீர்கள், வழிந்து போய் உங்கள் மாதிரியில் இல்லாததை இருப்பதாகக் காட்டும்.

கேள்வி: குப்பியை எத்தனை தடவை உறையவைத்து உருக்கலாம்? (பலர்)

பதில்: ஒரு தடவை. வந்த அன்றே, திறக்குமுன் ஒரு சுற்று மையவிலக்கியில் போடுங்கள், பாதிப் புரதம் மூடியில் ஒட்டியிருக்கும். பனிக்கட்டி மேல் வைத்து 10, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80-இல் வையுங்கள். மெலிதாகக் கலந்தால் புரதம் பிளாஸ்டிக் சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாத வகைக் குழாய் நல்லது. தானாகப் பனி உருக்கும் வகைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வருட உழைப்பை நான் இழந்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேச இன்னும் மனம் வரவில்லை.

கேள்வி: முப்பது வருடத்தில் உங்களை உலுக்கிய ஒரு நாள்? (நெடுநாள் வாசகர்)

பதில்: நான் அதிகம் மல்லுக்கட்டிய புரதமும் பெரிய பகுதியைச் சேர்ந்தது. எண்ணைச் சொன்னால் பழைய சகாக்கள் சிரிப்பார்கள், வேண்டாம். வருடக்கணக்கில் அது மேகமாகத் திரிந்துகொண்டே இருந்தது. 2014-இல் மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பகுதியின் அமைப்பும், மறுவருடம் முழு ரைபோசோமின் அமைப்பும் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாக வெளிவந்தன. தரவை இறக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் கொடுத்து, என்னுடையதற்கு மட்டும் சிவப்புக் கொடுத்தேன். தலை மேலே வெளிப்பக்கம் உருண்டையாக உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு நீண்ட வால் புறப்பட்டு, எந்த மடிப்பும் இல்லாமல், ஆர்.என்.ஏ. சுருள்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து உள்ளே போய், பக்கத்துப் புரதங்கள் இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தனியாக எடுத்தால் அந்த வாலுக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது, அதனால்தான் திரிந்தது. அந்தச் சிவப்பு நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு விளக்கணைக்கும் நேரம்வரை இருந்தேன்.

பிறகு பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மரபணுவை மூன்றாவது முறை வடிவமைத்தபோது அந்த வாலை நான் வெட்டி எறிந்திருக்கிறேன். பக்க ஓரத்தில் என் கையெழுத்தில், இரண்டு கோடு போட்டு: “தேவையில்லாத வால் போனதும் நன்றாகக் கரைகிறது.”